நாய்க்குக் கடிக்கக் கொடுக்க எந்தப் பச்சை எலும்பு?

மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் நாய் மணியின் வாயில் வலது பக்கம், இருப்பதிலேயே பெரிய பல்லின் வெளிப்பக்கம் பட்டையாகப் பெயர்ந்து ஈறில் ஒட்டிக்கொண்டு நின்றது. பெயர்ந்த இடத்தின் நடுவே சிவப்பாக ஒரு புள்ளி. அவன் சாப்பாட்டைக் குறைக்கவில்லை, முனகவில்லை. கொஞ்ச நாளாக எதையும் இடது பக்கமாகவே தள்ளி மெல்லுகிறான் என்று மட்டும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "என்ன எலும்பு குடுத்தீங்க?" மாட்டுத் தொடை எலும்பின் நடுத்தண்டு. பச்சையாகத்தான் கொடுத்தேன். பச்சை எலும்பு என்றால் பயமில்லை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நான் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. வெந்ததா, பச்சையா என்பது பாதிக் கேள்விதான். உடம்பின் எந்த இடத்து எலும்பு, எவ்வளவு பெரியது, அதைக் கடிக்கப்போகிற நாய் எப்படிக் கடிக்கும் என்பது மீதிப் பாதி. ஒரே மாட்டின் ஒரே காலில் பல்லை உடைக்கிற எலும்பும் இருக்கிறது, பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற எலும்பும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான்.

வெந்த எலும்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எலும்பு என்பது சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் சேர்ந்த தாது; அதைக் கட்டிப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரத நார். அந்த நார் இருக்கும்வரை எலும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கடித்தால் நசுங்கும். சூடு பட்டால் நார் சிதைகிறது, ஈரமும் வற்றுகிறது. அப்புறம் கடித்தால் நசுங்காது, ஊசி ஊசியாகச் சிதறும். அவித்தது, சுட்டது, புகையூட்டியது, சூட்டில் உலர்த்தியது எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். நாய்க்கென்றே பதப்படுத்தி, உறைபோட்டு விற்கிற எலும்புக்கும் இதே கதைதான். அந்த வகை எலும்புகளால் நாய்கள் நோயுற்றதாகத் தங்களுக்கு 68 புகார்கள் வந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. அவற்றில் பாதிக்கப்பட்டவை சுமார் 90 நாய்கள். ஏறக்குறைய 15 நாய்கள் இறந்ததாகத் தகவல். நம் தட்டில் மிஞ்சிய எலும்பை "ஒண்ணே ஒண்ணுதானே" என்று போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பல்லும் எலும்பும்

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். எலும்பை வெட்டுகிற வேலையைப் பெரும்பாலும் செய்வது அவற்றில் நான்கு: மேல்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக நான்காவது முன்கடைவாய்ப் பல், கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒன்றாக முதல் கடைவாய்ப் பல். இவை அம்மிபோல அரைப்பவை அல்ல. கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்குபவை. நாயின் தாடை மேலும் கீழும்தான் அசையும். மாடு அசைபோடுவதுபோலப் பக்கவாட்டில் போகாது. வெட்டக்கூடிய பொருள் நடுவில் வந்தால் வெட்டிவிடும். வெட்டவே முடியாத பொருள் வந்தால் கடியின் பலம் முழுவதும் மேல்பல்லின் வெளிச்சுவரில் விழுந்து அதைச் சீவி எடுத்துவிடும். மணிக்கு நடந்தது அதுதான். நாய்ப்பல்லின் எனாமல் நம் பல்லில் இருப்பதைவிட மெல்லியது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி எலும்பைப் பார்ப்போம். மாட்டின் தொடை எலும்பைக் குறுக்கே அறுத்தால், நடுத்தண்டில் மஜ்ஜையைச் சுற்றி வெள்ளையாக, விரல் தடிமனில் ஒரு குழாய்ச் சுவர் தெரியும். அது கெட்டி எலும்பு. பல நூறு கிலோ எடையைத் தாங்க வளர்ந்தது. அதே எலும்பின் முனையில், மூட்டு வருகிற இடத்தில், வெளி ஓடு மெல்லியது. உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள். மேலே பளபளவென்று வழுக்கும் குருத்தெலும்பு. கட்டைவிரல் நகத்தை அந்தக் குருத்தெலும்பில் அழுத்தினால் தடம் விழும். நடுத்தண்டில் எவ்வளவு அழுத்தினாலும் விழாது. கடிக்கக் கொடுக்கிற எந்தப் பொருளுக்கும் கால்நடைப் பல் மருத்துவர்கள் சொல்லும் சோதனை இந்த நகச் சோதனைதான். அதைக் கண்டிப்பாகப் பிடித்தால் பெரும்பாலான எலும்புகள் தோற்றுவிடும் என்பது உண்மை. அதனால்தான் பல மருத்துவர்கள் எலும்பே வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனாலும் எலும்பு கொடுப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு, எந்த எலும்பு அந்தச் சோதனையில் குறைவாகத் தோற்கிறது என்பது பெரிய வித்தியாசம்.

பல்லில் படியும் காரைக்கு எலும்பு உதவுமா? உதவும் என்று காட்டும் ஒரு சிறிய ஆய்வு 2016இல் ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவ இதழில் வந்தது. 8 பீகிள் நாய்களுக்கு மாட்டின் பச்சை எலும்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சுற்றில் கெட்டி எலும்பு, இன்னொரு சுற்றில் முனைப்பகுதியின் மெத்தென்ற எலும்பு. இருபது நாளுக்குள் இரண்டிலுமே காரை பெருமளவு குறைந்துவிட்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, மெத்தென்ற எலும்பும் வேலை செய்தது என்பதுதான். காரை போவதற்காகக் கெட்டி எலும்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. இன்னொன்று, எலும்பு சுரண்டுவது பல்லின் மேல் தெரிகிற காரையை. ஈறுக்குள் ஒளிந்திருப்பதை அது தொடாது. தினமும் பல் துலக்கிவிடுவதற்கு இணையாக இன்னும் எதுவும் வரவில்லை.

கடிக்கிற எலும்பு, தின்கிற எலும்பு

எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேறு பொருளை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கோழிக் கழுத்து, கோழி இறக்கை, வாத்துக் கழுத்து போன்றவை தின்கிற எலும்பு. நாய் நொறுக்கி, விழுங்கி, செரித்துவிடும். அது சாப்பாட்டின் ஒரு பகுதி, அதன் சுண்ணாம்பையும் கொழுப்பையும் அன்றைய உணவில் கணக்கு வைக்க வேண்டும். மாட்டு மூட்டு, கழுத்தெலும்பு போன்றவை கடிக்கிற எலும்பு. நாய் அதன் மேல் இருக்கும் கறியையும் ஜவ்வையும் குருத்தெலும்பையும் சுரண்டித் தின்னும். எலும்பை முழுசாகத் தின்று தீர்ப்பது நோக்கமல்ல. நேரம்போக்கும் பல் வேலையும் வேண்டுமென்றால் தேட வேண்டியது இரண்டாவதை. கோழிக் கழுத்தை ஒரு பெரிய நாய்க்குக் கொடுத்தால் இரண்டு மென்றலில் காணாமல் போகும். சில நாய்கள் அந்த இரண்டு மென்றலும் இல்லாமல் அப்படியே விழுங்கிவிடும்.

மாட்டெலும்பில்தான் தேர்வு அதிகம், தவறும் அதிகம். கறிக்கடையில் நாய்க்கு என்று சொன்னதும் பெரும்பாலும் கையில் வருவது நல்லி: மஜ்ஜையோடு, குழாய்போல வெட்டிய கால் எலும்பு. நாய்க்கு அதன் மேல் கொள்ளை ஆசை. என் பட்டியலில் அதற்குக் கடைசி இடம். காரணம் மூன்று. முதலாவது மேலே சொன்ன கெட்டிச் சுவர். இரண்டாவது மஜ்ஜை, அது முழுக்கக் கொழுப்பு. பழக்கமில்லாத நாய்க்கு ஒரு நல்லி போதும், இரவெல்லாம் வயிற்றுப்போக்குதான். கணையம் பலவீனமான நாய்க்கு அது கணைய அழற்சி வரை கொண்டுபோய்விடும். மினியேச்சர் ஷ்னாஸர் போன்ற சில இனங்களில் இந்த ஆபத்து மற்றவற்றைவிட அதிகம்.

மூன்றாவது காரணத்தை நான் என் தங்கை வீட்டில் நேரில் பார்த்தேன். வளையலைவிடக் கொஞ்சம் சிறிய நல்லித் துண்டு. உள்ளே இருந்த மஜ்ஜையை நாக்கால் துழாவிக்கொண்டிருந்த நாய் திடீரென்று பின்னாலேயே நகர ஆரம்பித்தது. தலையைத் தரையில் தேய்த்தது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. பார்த்தால் எலும்பு வளையம் கீழ்த்தாடையில் ஏறி, இரண்டு கோரைப் பற்களையும் தாண்டி உள்ளே உட்கார்ந்துவிட்டது. போகும்போது வழுக்கிக்கொண்டு போனது, வரும்போது கோரைப்பல் தடுத்தது. எண்ணெய் தடவிப் பார்த்தோம், அசையவில்லை. அதற்குள் தாடைக்கடியில் வீக்கம் வர ஆரம்பித்துவிட்டது. மருத்துவர் மயக்க ஊசி போட்டுச் சின்ன ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தார். இது அபூர்வமாக நடப்பது இல்லை. கால்நடை மருத்துவமனையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வளையமாக அறுத்த எலும்பை, அது பச்சையோ வெந்ததோ, வாங்கவே வேண்டாம்.

அதே காலின் மூட்டு முனை வேறு பொருள். உருண்டையாக, நாயின் வாய்க்குள் முழுசாக நுழையாத அளவில், குருத்தெலும்பும் ஜவ்வும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய் அதை முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்திவைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, முன்பற்களால் ஜவ்வை உரிக்கும்; அப்புறம் கடைவாய்க்குக் கொண்டுபோய்க் குருத்தெலும்பைச் சீவும். கழுத்து, தோள், முன்னங்கால் எல்லாம் அந்த வேலையில் இறங்கும். நடுத்தர, பெரிய நாய்களில் பலவற்றுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் நேரத்தோடு எடுத்துவிட வேண்டும். குருத்தெலும்பும் மேல் ஓடும் தீர்ந்து, கீழே தண்டின் கெட்டிச் சுவர் எட்டிப்பார்க்கும்போது அது மூட்டு எலும்பு இல்லை, மறுபடி தொடை எலும்பாகிவிட்டது என்று அர்த்தம். வாங்கும்போதே தண்டு நீளமாக ஒட்டியிருக்காத துண்டாகப் பார்க்கலாம்.

மாட்டுக் கழுத்தெலும்பும் எனக்குப் பிடித்தது. எடை தாங்கும் கால் எலும்புபோலக் கெட்டியில்லை, இண்டு இடுக்கு அதிகம், கறி எல்லா மூலையிலும் ஒட்டியிருக்கும். நாய் அதைத் திருப்பித் திருப்பி வேலை பார்க்கும். முதுகெலும்பின் முட்கள் உடைந்து கூர்மையாக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். விலா எலும்பு தட்டையாக, நீளமாக, சுவர் மெல்லியதாக இருக்கும். நிதானமாகக் கடிக்கும் நடுத்தர நாய்க்கு நன்றாகப் பொருந்தும். பலமாகக் கடிக்கும் நாய் அதை நீளவாக்கில் பிளந்துவிடும். வால் எலும்பு முழு வாலாக இருந்தால் சரி, கணுக்கணுவாக வெட்டியது வேண்டாம். ஒவ்வொரு கணுவும் தொண்டையில் போய் மாட்டுவதற்கென்றே அளவெடுத்தது மாதிரி இருக்கும். தோள்பட்டைப் பலகை எலும்பு பெரிது, மெல்லிது; உடைந்தால் தகடு தகடாக உடையும். அதை நான் கொடுப்பதில்லை.

ஆட்டெலும்பு சின்ன நாய்க்கு ஏற்ற அளவு. இளம் ஆட்டின் நெஞ்செலும்பில் பாதிக்குமேல் குருத்தெலும்புதான். கழுத்தை முழுசாக வாங்கினால் கையடக்கமான மாட்டுக் கழுத்து மாதிரி. வயது குறைந்த விலங்கின் எலும்பு பொதுவாக மெத்தென்று இருக்கும் என்பதால், முற்றிய ஆட்டைவிடக் குட்டி ஆடு நல்லது. ஆனால் பெரிய நாய்க்கு ஆட்டெலும்பு சங்கடம். கடிக்கிற எலும்பாக இருக்க வேண்டிய அளவில்லை, தின்கிற எலும்பாக எடுத்துக்கொள்ள மென்மையும் போதாது. நடுவில் நிற்கிற பொருள்தான் தொண்டையில் நிற்கிறது. ஆட்டுக்கால் எலும்பும் மாட்டுக்கால் மாதிரியே கெட்டித் தண்டுதான், உருவம்தான் சிறிது.

எந்த எலும்பானாலும் கறிக்கடையில் வெட்டித் தருவது ஒரு பெரிய பிரச்சினை. பழக்கத்தில் கத்தி விழுந்துவிடும். கொத்திய எலும்பின் விளிம்பு உடைந்த கண்ணாடிபோல இருக்கும், கூடவே கண்ணுக்குத் தெரியாத சில்லுகளும் ஒட்டியிருக்கும். "நாய்க்குத்தான், துண்டு போடாதீங்க, முழுசா குடுங்க" என்று தராசில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கோழி

பச்சைக் கோழி எலும்பு வெந்ததுபோல எளிதில் ஊசியாகச் சிதறாது, மென்மையானது. காற்றறைகள் கொண்ட மெல்லிய எலும்புகளும் அதில் உண்டு. இறக்கையையும் நெஞ்சுக்கூட்டையும் பொறுமையாக மென்று தின்கிற நாய்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் நான் மேலே சொன்னபடி இது தின்கிற எலும்பு. கடிப்பதற்கு என்று கேட்டால் இது விடையே இல்லை. வான்கோழிக் கழுத்து கொஞ்சம் பெரியது, நடுத்தர நாய்க்கு நேரம் பிடிக்கும். வான்கோழிக் காலைத் தொட வேண்டாம். அதன் கீழ்க்காலில் தசைநார்களே எலும்பாக இறுகி, தீக்குச்சி மாதிரி நீளநீளமாக இருக்கும்.

கோழியில் எனக்குள்ள பெரிய தயக்கம் எலும்பைப் பற்றியது அல்ல, கிருமியைப் பற்றியது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நாய்களுக்கு வரும் ஒருவகை பக்கவாதத்தைப் பார்த்தது. பின்னங்காலில் தளர்ச்சி ஆரம்பித்து முன்னங்காலுக்கும் கழுத்துக்கும் ஏறும்; மனிதர்களுக்கு வரும் கியான்-பாரே நோய்க்கு நாய்களிடத்தில் உள்ள வடிவம் அது. அந்த நோய் வந்த 27 நாய்களையும் வராத 47 நாய்களையும் ஒப்பிட்டபோது, நோய் வந்தவற்றின் மலத்தில் கேம்பைலோபேக்டர் என்ற கிருமி இருக்கும் வாய்ப்பு 9.4 மடங்கு அதிகமாக இருந்தது. பச்சைக் கோழி தின்பதோடும் நோய்க்குத் தொடர்பு தெரிந்தது. நாய்களுக்குக் கோழிக் கழுத்து கொடுக்க வேண்டாம் என்று அவர்கள் பரிந்துரைத்ததற்குப் பிறகு நான் அதை நிறுத்திவிட்டேன். நோய் அரிதானதுதான். ஆனால் அந்தக் கழுத்தால் என் நாய்க்குக் கிடைப்பது இரண்டு நிமிட வேலை. அதற்கு இந்த ஆபத்து எதற்கு?

பன்றி எலும்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பச்சைப் பன்றிக் கறியில் ட்ரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். 15 சென்டிமீட்டருக்குக் குறைவான தடிமனுள்ள துண்டை மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் 20 நாள் உறைய வைத்தால் வளர்ப்புப் பன்றியில் அந்தப் புழு சாகும். காட்டு விலங்குகளில் இருக்கும் சில வகை உறைபனியையும் தாங்கிவிடும். ஆவ்ஜெஸ்கி நோய் என்ற வைரஸ் பன்றிகளிடம் பரவியிருக்கும் பகுதி என்றால் பச்சைப் பன்றி எலும்பே கூடாது. நாய்க்கு அது வந்தால் பிழைப்பதில்லை. வேட்டையாடிய விலங்கின், பறவையின் எலும்பில் ஈயக் குண்டின் துணுக்கு இருக்கலாம். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் காட்டுப் பறவையைத் தொடவே விடக்கூடாது. 2023இல் கனடாவில் செத்துக் கிடந்த காட்டுப் பெருவாத்தை (கூஸ்) கடித்த நாய் ஒன்று அந்த வைரஸ் தொற்றி இறந்தது.

எலும்பை விட்டுவிட்டு மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, கெட்டி நைலான் பொம்மை என்று போகிறவர்களும் உண்டு. கிருமி விஷயத்தில் அவை மேல். பல் விஷயத்தில் தொடை எலும்புக்கு எந்த வகையிலும் மேல் இல்லை. நகச் சோதனையில் எல்லாம் ஒரே மாதிரித் தோற்கும். பல்லுக்காகத்தான் என்றால், வளைந்து கொடுக்கும் ரப்பர் பொம்மையோ, கால்நடை வாய்நல மன்றத்தின் முத்திரை பெற்ற மெல்லும் பட்டையோ எவ்வளவோ பரவாயில்லை.

உங்கள் நாய் எப்படிக் கடிக்கும்?

இதைத்தான் எலும்பு வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். நாய்களை நான் மூன்று விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒன்று நக்கியும் சுரண்டியும் திருப்தியடைவது. இதற்குப் பெரும்பாலான மெத்தென்ற எலும்புகள் சரிப்படும். இன்னொன்று உடைத்தே தீருவேன் என்று கடைவாயில் வைத்துப் பலத்தைக் காட்டுவது. மணி இந்த ரகம். இதற்குக் கெட்டி எலும்பு ஆகவே ஆகாது, மூட்டும் கழுத்தும்கூடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான். மூன்றாவது, பறித்துவிடுவார்களோ என்று அப்படியே விழுங்கப் பார்ப்பது. இந்த மூன்றாவது ரகத்துக்கு எந்த எலும்பும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழக்கிவிடலாம் என்று சிலர் எலும்பின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பிடியை விட்ட நொடியில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி. உணவுக்குழாயில் எலும்பு சிக்குகிற இடங்கள் மார்புக்குள் நுழையும் வாய், இதயத்தின் அடிப்பகுதி, உதரவிதானத்துக்குச் சற்று முன்பு. மூன்றுமே கை எட்டாத இடங்கள். சின்ன டெரியர் இனங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: எலும்பு நாயின் மூக்கு நுனியிலிருந்து தலையின் பின்பக்கம் வரையுள்ள நீளத்துக்காவது இருக்க வேண்டும், எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் முழுசாக வாய்க்குள் போகக்கூடாது. பக், புல்டாக் மாதிரித் தட்டை முகமுள்ளவற்றுக்கு இந்தக் கணக்கும் உதவாது. அவற்றின் பற்கள் நெருக்கியடித்துக் கோணலாக இருக்கும், மூச்சும் சிரமம். அவற்றுக்கு மென்மையான பொம்மையே நல்லது.

குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்றிலிருந்து ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து நிலைப்பற்கள் வரும். அந்தக் காலத்தில் ஈறு ஊறுவதால் எதையாவது கடித்துக்கொண்டேயிருக்கும். அதைப் பார்த்துப் பாவப்பட்டு எலும்பு கொடுப்பது நடக்கிறது. பால் பல் ஊசிபோல மெல்லியது, சுலபமாக உடையும். பெரிய இனக் குட்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆறு மாதம்வரை அவற்றின் குடல் தேவைக்கு அதிகமான கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும்; அதனால் வளரும் எலும்பே கோணும். கடிக்க வேண்டுமென்றால் குளிர வைத்த ஈரத் துணி முறுக்கு போதும்.

வயதான நாய், பல் தேய்ந்த நாய், ஏற்கெனவே ஒரு பல் உடைந்த நாய், கணைய அழற்சி வந்த நாய், பாஸ்பரசைக் குறைக்கச் சொல்லியிருக்கும் சிறுநீரக நோயுள்ள நாய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கும் நாய் ஆகியவற்றுக்கு எலும்பைப் பற்றி யோசிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். எலும்பு கண்டால் உறுமுகிற நாயும் இந்தப் பட்டியலில்தான் வரும், வேறு காரணத்துக்காக. வீட்டில் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தால் அந்த நாய்க்கு எலும்பு கிடையாது.

வீட்டில் கொடுக்கும்போது

சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர், ஈ.கோலை, லிஸ்டீரியா எல்லாம் பச்சை எலும்பில் வரக்கூடியவை. உறைய வைத்தால் சாகும் என்று பலர் நினைக்கிறார்கள். சில ஒட்டுண்ணிகள் சாகும், பாக்டீரியா பெரும்பாலும் தூங்கத்தான் செய்யும். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் அதன் வாயிலும் மலத்திலும் கிருமி இருக்கும், அது நம் கையை நக்கும். அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலிருந்து பச்சை விலங்குப் புரதம் கொடுப்பதை ஊக்குவிக்காமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் நான் பச்சை எலும்பைக் கொண்டுவர மாட்டேன்.

மற்ற வீடுகளில்: ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த எலும்பை வெளியே வைக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக விடுங்கள். உறைந்த எலும்பை நேராகக் கொடுத்தால் நேரம் பிடிக்கும் என்று சொல்வதுண்டு. உறைந்தால் மெத்தென்ற எலும்பும் கல்லாகிவிடுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கழுவக்கூடிய ஒரு பாய், அல்லது வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய தளம், எப்போதும் அதே இடம். வயிறு நிறைந்த பிறகு கொடுத்தால் அவசரம் குறையும். இரண்டு நாய் இருந்தால் இரண்டு அறை. பத்திலிருந்து இருபது நிமிடம் போதும். முதல் தடவை ஐந்து நிமிடம். அவ்வளவு நேரமும் ஒரு ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எடுப்பதற்குக் கையை நீட்டிப் பிடுங்காதீர்கள். அதைவிட ஆசையான ஒரு கறித்துண்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, நாய் எழுந்து போகும்போது எடுங்கள். பிடுங்கிப் பழக்கினால் நல்ல நாயும் விழுங்கும் நாயாக மாறும். எடுத்த எலும்பை மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் கொடுக்கலாம். மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். காயக் காய எலும்பு கெட்டியாகிறது, சிதறவும் செய்கிறது. தோட்டத்தில் புதைத்து ஒரு மாதம் கழித்துத் தோண்டி எடுத்த எலும்பு அதனால்தான் மோசமானது. வாய்க்குள் அடங்கும் அளவுக்குத் தேய்ந்தாலும், கூரான முனை வந்தாலும், அந்த நிமிடமே குப்பைக்கு.

மறுநாள் மலத்தைப் பாருங்கள். வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரிப் பொடிந்தால் எலும்பைத் தின்றது அதிகம்; மலச்சிக்கல் அடுத்த படி. முக்கியும் வராமல் தவித்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, எச்சில் ஒழுக ஒழுகக் கழுத்தை நீட்டி விழுங்கிக்கொண்டேயிருந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது கிழிக்காத எலும்பு ஏறும்போது கிழிக்கும்.

மணிக்கு இப்போது மாட்டு மூட்டு முனை மட்டும்தான், வாரத்துக்கு ஒரு நாள், பதினைந்து நிமிடம். பல் போன வலது பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கமாகத்தான் சீவுகிறான் என்பதால் இப்போது என் கண் முழுக்க அந்த இடது மேல்பல்லின் மேல்தான். எலும்பை எடுத்து உள்ளே வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, அவன் உதட்டை இரண்டு பக்கமும் தூக்கி ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பேன். அவனும் பழகிவிட்டான், தலையை என் முழங்காலில் வைத்துக்கொள்வான். போன ஞாயிறும் எண்ணினேன். 41 சரியாக இருந்தது.